பொத்தான் தெரிகிற தண்ணீர்

என் மனைவிக்கு இடது கால் இருக்கிறது. ஆனால் இருப்பது அவளுக்குத் தெரியாது.

பக்கவாதம் வந்து போன பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாய்தான் முதலில் வந்தது. அது அப்படித்தான் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். பிறகு கை வந்தது. கால் மட்டும் அரைகுறை. தூக்கினால் தூக்கும், வைத்தால் வைக்கும், எங்கே வைத்தோம் என்று மட்டும் சொல்லாது. ஊசியால் குத்தினாலும் தெரியாது. அதனால் நடக்கும்போது தலை குனிந்து அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடப்பாள். கண்ணை எடுத்தால் கால் எங்காவது போய்விடும், ஆள் சாய்ந்துவிடுவாள்.

"இது என் கால் இல்ல, வாடகைக்கு வந்த கால்," என்பாள். "சொந்தக்காரன் வந்து கேட்டா கழட்டிக் குடுத்துடணும்."

நானும் சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் அழ வேண்டும். அது எனக்குச் சரிப்பட்டு வராது.

நாங்கள் இருப்பது மகள் வீட்டில். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளம். எங்களுக்கு முன்பு இருந்தவன் எந்த ஆசையில் கட்டினானோ, இரண்டு பேர் சேர்ந்து கை வீசினால் சுவரில் இடிக்கும். நாங்கள் வந்தபோது பச்சைப் பசேலென்று பாசி பிடித்து, இலையும் தவளையுமாகக் கிடந்தது. மாப்பிள்ளை அதை மண் போட்டு மூடிவிடலாம் என்றுதான் இருந்தார். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் தெரபிப் பெண் ஒருநாள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, வீட்டிலேயே இதை வச்சுக்கிட்டா ஆஸ்பத்திரிக்கு அலையறீங்க? தண்ணிக்குள்ள உடம்பு கனமே தெரியாது, விழுந்தாலும் அடிபடாது. அம்மா தினமும் மார்பளவு தண்ணில நடந்தா அந்தக் காலுக்கு உணர்ச்சி வர வாய்ப்பிருக்கு. ஆனா இந்தச் சில மாசம்தான் ஐயா. இதைத் தவற விட்டா, தூங்கற கால் தூங்கினபடியே கிடந்துடும்."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடி குளத்தை எட்டிப் பார்த்தாள்.

"அம்மாடி, நான் மாட்டேன். பார்த்துக்கிட்டே இருந்தாத்தான் இந்தக் கால் என் பேச்சைக் கேக்குது. இந்தப் பச்சைக்குள்ள விட்டா, போனது போனதுதான்."

"சுத்தம் பண்ணிடலாம்மா."

"சும்மா சுத்தம் பத்தாது. கண்ணாடியா இருக்கணும். அடியில ஒரு பொத்தான் கிடந்தா அது மேலேயிருந்து தெரியணும். தெரியட்டும், இறங்கறேன்."

அவள் காலமெல்லாம் தையல் வேலை பார்த்தவள். அவளுக்கு உலகத்தில் எல்லாமே பொத்தான் அளவு, நூல் அளவுதான்.

குளத்தை வடித்து, பாசி சுரண்டி, சுவரைத் தேய்த்தோம். பழைய ஃபில்டரின் தொட்டி விரிசல் விட்டு உதவாமல் கிடந்தது. புதிது வாங்க மாப்பிள்ளையோடு நானும் கடைக்குப் போனேன். அவர் மட்டும் போனால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். நல்ல மனிதர். நல்ல மனிதர்களைக் கடைக்குத் தனியாக அனுப்பக்கூடாது.

நான் லாரி ஓட்டியவன். லாரி ஓட்டியவன் யாரையும் நம்பமாட்டான். பட்டறைக்காரனை நம்பமாட்டான், டயர் விற்கிறவனை நம்பமாட்டான், வழி சொல்கிறவனை நம்பவே மாட்டான்.

கடைக்காரர் இளவயது, மூக்குக் கண்ணாடி, சிரித்த முகம். சிரித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"குளம் எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் ஐயா?"

"எங்க வீட்டு நீள அகலம் உனக்கு எதுக்குப்பா? ஃபில்டரை எடுத்துக் காட்டு."

"மாமா, தண்ணி அளவு தெரிஞ்சாத்தான் எந்த சைசுன்னு சொல்ல முடியும்," என்று மாப்பிள்ளை மெல்லச் சொல்லி, அளவை எழுதி வைத்திருந்த சீட்டைக் கொடுத்துவிட்டார். பார்த்தீர்களா, கேட்டவுடனே கொடுத்துவிட்டார்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம் போல ஒரு உருளை இருந்தது. சின்னக் குளத்துக்கு இதுவே நல்லது, பொடி அழுக்கையும் பிடிக்கும், அவ்வப்போது வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரில் அலசினால் போதும் என்றார். இன்னொன்று பெரிய பானை மாதிரி. அதற்குள் மணல். மேலேயிருந்து வரும் தண்ணீர் மணல் வழியாக இறங்கும், அழுக்கு மணலில் தங்கும்.

"காகிதமா?" என்றேன்.

"காகிதம் இல்லை ஐயா, அது ஒரு மாதிரித் துணி..."

"ஒரு மாதிரித் துணின்னா என்னன்னு உனக்கே தெரியல. தண்ணிக்குள்ள காகிதத்தை வச்சு விக்கறே. கிழிஞ்சா மறுபடி உங்கிட்டதானே வரணும்?"

"மணலும் சில வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும் ஐயா."

"மணல் எனக்குத் தெரியும். லாரி லாரியா அள்ளியிருக்கேன். மணல் யாரையும் ஏமாத்தாது."

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். மணல்தான் வாங்கினோம். பம்ப் பெரிதாக இருக்கட்டும், எஞ்சின் பெரிதாக இருந்தால்தான் வண்டி இழுக்கும் என்றும் சொன்னேன். அதற்குக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் வேகமாகப் போனால் அழுக்கையும் சேர்த்து மணலுக்குள் தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும், மெதுவாகப் போனால்தான் மணல் பிடித்து வைக்கும் என்றார். பெரியதை விற்காமல் சின்னதை விற்கிறானே, இதில் என்ன சூது என்று யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. சரியென்று விட்டேன்.

அவரே வந்து பொருத்திக் கொடுத்தார். தொட்டியின் தலையில் ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் தண்ணீர் போகும் வழி மாறும். ஒரு பக்கம் வைத்தால் வடிகட்டும். இன்னொரு பக்கம் வைத்தால் தண்ணீர் கீழேயிருந்து மேலே பாய்ந்து, மணலில் தங்கிய அழுக்கை எல்லாம் அலசிச் சாக்கடையில் கொட்டும். பக்கத்திலேயே ஒரு சின்ன மீட்டர், முள்ளோடு.

"பம்பை நிறுத்தாம மட்டும் கைப்பிடியைத் திருப்பிடாதீங்க ஐயா, உள்ள உடைஞ்சிடும். அப்புறம் இந்த முள்ளைப் பாருங்க." முள் நின்ற இடத்தில் பச்சை டேப் ஒட்டினார். அதற்கு மேலே ஒரு இடத்தில் சிவப்பு டேப். "அழுக்குச் சேரச் சேர முள் ஏறும். சிவப்பைத் தொட்டா அன்னிக்குக் கழுவுங்க. அதுவரைக்கும் கைய வைக்காதீங்க. நல்லா இருக்கேன்னு விட்டுடுங்க."

அவர் போன பிறகு நான் தொட்டியைச் சுற்றி வந்தேன். ஃபில்டரைக் கழுவாதே என்று சொல்கிற கடைக்காரனை என் ஆயுசில் அன்றுதான் பார்த்தேன். கழுவாமல் விட்டால் மணல் கெடும். கெட்டால் புது மணலை யார் விற்பான்? அட கண்ணாடிக்காரா, இதுதானா உன் சூது!

முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் லாரியின் டீசல் முள் பாதி டேங்க் காட்டி என்னை நட்ட நடுச் சாலையில் நிறுத்திய கதை ஒன்றா இரண்டா. லாரியில் என் பழக்கம் வேறு. காலையில் சாவி போடுவதற்கு முன்பு ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டித் தூசி உதறித்தான் மாட்டுவேன். அதனால்தான் மற்றவன் வண்டியெல்லாம் மேட்டில் இருமும்போது என் வண்டி பாடிக்கொண்டு ஏறும்.

ஆகவே தினமும் காலையில் கழுவினேன். பம்பை நிறுத்தி, கைப்பிடியைத் திருப்பி, மறுபடி பம்பைப் போட்டு, சாக்கடையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை நின்று பார்ப்பேன். மனசுக்கு நிறைவாக இருக்கும். குளத்துக்கு மருந்து போடும் வேலை மாப்பிள்ளையுடையது. இலை அள்ளும் வேலை மகளுடையது. ஃபில்டர் பக்கம் யாரையும் நான் அண்டவிடவில்லை.

பச்சை போய்விட்டது. தண்ணீர் நீலமாக ஆனது. என் மனைவியை நாற்காலியோடு வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் மடியில் தையல் டப்பா. அதைக் கிளறி ஒரு பெரிய சிவப்புப் பொத்தானை எடுத்தாள். கோட்டுப் பொத்தான். பின்னால் நூல் கோக்கப் பித்தளை வளையம் வைத்தது.

"இது எங்கே பார்த்த மாதிரி இருக்கே," என்றேன்.

"உங்க குளிர்க் கோட்டுப் பொத்தான். லாரிக் கதவுல மாட்டிப் பிச்சுக்கிட்டு வந்தீங்களே. தைக்கலாம்னு வச்சேன், கோட்டு போயிடுச்சு."

இறங்கும் படிக்குப் பக்கத்தில் அதைத் தண்ணீரில் போட்டாள். ஆடி ஆடி இறங்கியது. பாதி தூரம் தெரிந்தது. பிறகு காணவில்லை. தண்ணீர் பால் ஒரு சொட்டு விட்ட மாதிரி வெளிறிக் கிடந்தது.

"தெரியல," என்றாள்.

"நாளைக்குத் தெரியும்."

மறுநாளும் தெரியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் காலையில் ஒருமுறை கழுவியதை மாலையிலும் கழுவ ஆரம்பித்தேன். கழுவக் கழுவத் தண்ணீர் அதே வெளிறல். எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். கண்ணாடிக்காரன் மணலில் களிமண் கலந்துவிட்டான் என்றேன். பக்கத்து வீட்டு மரம் வேண்டுமென்றே பூந்தூள் கொட்டுகிறது என்றேன். மாப்பிள்ளை மருந்தை அளந்து போடவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

"மாமா, கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுடலாமே."

"எதுக்கு? வந்து இன்னொரு பானையைத் தலையில கட்டிட்டுப் போறதுக்கா?"

தெரபிப் பெண் வரும்போதெல்லாம் முதலில் குளத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். நாள் போய்க்கொண்டிருப்பது எனக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி விழுந்தாள். சமையலறையிலிருந்து மகள் "அம்மா, டீ வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் பதில் சொல்லத் தலையைத் தூக்கியிருக்கிறாள். அவ்வளவுதான். கால் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எலும்பு தப்பித்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் நடக்கவே மாட்டேன் என்றாள். கழிப்பறைக்குப் போகக்கூட நான் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்தேன். ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலப் பிடித்தேன். அவள் மேல் கையில் என் விரல்கள் கன்றிக் கறுத்துப் பதிந்திருந்ததை மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அம்மா கைய உடைச்சிடாதீங்க."

"விட்டா விழுந்துடுவா."

"வாடகைக் காலுக்குக் காவல்காரன் நிக்கற மாதிரி நிக்கறாருடி," என்றாள் என் மனைவி. வழக்கம்போல நான் சிரிக்க வேண்டும். ஆனால் அவள் அதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்து எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் ஆளை அடித்துப் போட்டுவிட்டது. படுக்கையிலிருந்து எழவே முடியவில்லை. கழுவச் சொல்லி மாப்பிள்ளையிடம் சொல்லலாம் என்றால், அவர் பம்பை நிறுத்தாமல் கைப்பிடியைத் திருப்பிவிடுவார் என்று பயம். சொல்லவில்லை. பம்ப் ஓடும் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். மணல் உள்ளே அழுக்கு மூட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நினைத்துக் காய்ச்சல் இன்னும் ஏறியது என்றுதான் நினைக்கிறேன்.

எழுந்து நிற்கத் தெம்பு வந்த காலையில், வாய்கூடக் கொப்பளிக்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போனேன். என் மனைவி ஏற்கெனவே அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் நேராக ஃபில்டரிடம் போய் பம்பை நிறுத்தினேன். கைப்பிடியில் கை வைத்தேன்.

"கைய எடுங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி அதட்டியதில்லை. கை தானாக விலகிவிட்டது.

"இத்தனை நாள் கழுவலை. உள்ள நாறிப் போயிருக்கும்."

"இங்க வாங்க, டிரைவரே. வந்து பாருங்க."

கோபத்திலும் கொஞ்சலிலும் அவள் என்னை டிரைவரே என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு எது என்று புரியவில்லை. போய் அவள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பம்ப் நின்றதால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அடியில், படிக்குப் பக்கத்தில், சிவப்பாகப் பொத்தான். குப்புற விழுந்து கிடந்தது. முதுகில் இருந்த பித்தளை வளையம்கூடத் தெரிந்தது.

"எப்படி?" என்றேன். "மாப்பிள்ளை ஏதாவது கொட்டினாரா?"

"யாரும் ஒண்ணும் கொட்டல. நீங்க படுத்தீங்க, தண்ணி தெளிஞ்சுது. ஒவ்வொரு நாளும் இங்கதான் உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தேன். முதல்ல ஓரம் தெரிஞ்சுது. நேத்து சாயங்காலம் வளையம் தெரிஞ்சுது."

"அது எப்படி? கழுவாத ஃபில்டர் எப்படி..."

"பழச்சாறு துணில வடிகட்டியிருக்கீங்களா? எங்க, நீங்க குடிக்கத்தானே வருவீங்க. புதுத் துணில முதல்ல கலங்கலாத்தான் இறங்கும். துணியில கொஞ்சம் சக்கை ஒட்டின பிறகுதான் தெளிவா வரும். அந்தச் சக்கைதான் மீதியைப் பிடிக்குது. நீங்க என்ன பண்ணீங்க? பாவம் மணல் கொஞ்சம் சேர்த்து வைக்கறதுக்குள்ள தினமும் போய்க் கழுவித் துடைச்சு விட்டுட்டீங்க."

"லாரில நான்..."

"இது லாரி இல்லைங்க. இது எந்த மேட்டுலயும் ஏறப் போறதில்ல. இங்கேயேதான் நிக்கும்."

நான் போய் முள்ளைப் பார்த்தேன். அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. பச்சையைத் தாண்டிச் சற்று ஏறியிருந்தது. சிவப்புக்கு இன்னும் வெகு தூரம். கண்ணாடிக்காரர் சொன்னது சொன்னபடி. சிவப்பைத் தொட்டால் கழுவச் சொன்னார், தொடும்வரை விடச் சொன்னார். இவ்வளவுதான் சொன்னார். அந்த மனிதர் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

பம்பை மறுபடி போட்டேன். கைப்பிடியைத் தொடவில்லை. அவள் பக்கத்தில் படிக்கல்லில் உட்கார்ந்தேன்.

"ஏன் நேத்தே சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா? காய்ச்சலோட எந்திரிச்சு வந்து கழுவிடுவீங்க."

அதுவும் சரிதான்.

அன்று தெரபிப் பெண் வந்தபோது நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனேன். குளத்தைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு ஒரு சின்னப் பிள்ளை போலக் கை தட்டினாள்.

என் மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். பொத்தான் தெரிந்தால் இறங்குவேன் என்றாள், இறங்கினாள். முகம் மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தெரபிப் பெண் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். படியில் ஒவ்வொரு அடிக்கும் அவள் இடது காலைத் தேடிப் பார்த்து, அது அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்ததை வைத்தாள். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. கீழே அவள் இரண்டு பாதமும் பளிச்சென்று தெரிந்தன. விரல்களை எண்ணலாம்.

"இருக்கு," என்றாள். "ரெண்டும் இருக்கு."

"நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதே."

"அதுதான் பயமா இருக்கு. கையை விடுங்க."

"விட்டா..."

"தண்ணி பிடிச்சுக்கும்ங்க. விடுங்க."

தெரபிப் பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். என் விரல்களை நானே ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த கையைத் தண்ணீருக்குள் அவள் முழங்கைக்குக் கீழேயே வைத்துக்கொண்டேன். தொடவில்லை. ஆனால் தூரத்திலும் இல்லை.

நடந்தாள். சுவர்வரை போனாள், திரும்பினாள். தலை குனிந்தபடிதான். காலைக் கண்ணாலேயே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தாள். திரும்பி வரும்போது அலை கிளம்பித் தண்ணீர் ஆடியது. கீழே எல்லாம் நெளிந்து உடைந்து தெரிந்தது. அவள் இடது கால் பொத்தானுக்குப் பக்கத்தில் வந்தது, தடுமாறியது, அதன் மேலேயே இறங்கியது.

அவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா? மயக்கமா?" என்றாள் தெரபிப் பெண்.

"இல்ல." குரல் வேறு மாதிரி இருந்தது. "என்னமோ குத்துது."

"எங்கே?"

"கீழ. அந்தப் பக்கம். ரொம்ப தூரத்துல யாரோ குத்தற மாதிரி."

தெரபிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்துவிட்டது. பார்த்துச் சொல்கிறாயா, தெரிந்து சொல்கிறாயா? பொத்தான் அங்கே கிடப்பது அவளுக்குத்தான் தெரியுமே. கண்ணை மூடிக்கொண்டு சொல் பார்ப்போம் என்று கேட்டிருக்கலாம். என் சுபாவத்துக்கு நான் கேட்டிருக்க வேண்டும்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருக்கவில்லை. காலைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். விழவில்லை.

கேள்வியை விழுங்கிவிட்டேன்.

"நான் மூழ்கி அதை எடுத்துடட்டுமா?" என்றேன்.

"காய்ச்சல்காரர் மூழ்கறாராம். வேண்டாம்ங்க, இருக்கட்டும்," என்றாள். "குத்தட்டும்."